லுபெரோனா, கேர்சியா: பிரெஞ்சுக் குன்றூர்களுக்கு இடையே நடக்க எது தோது?

பிரான்சில் குன்றின் உச்சியில் இருக்கும் பழைய கல் ஊர்களுக்கு இடையே, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் நடக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் பெயர் லுபெரோன். தென்கிழக்கில் ப்ரோவான்ஸ் பகுதியில் இருக்கிறது. லாவெண்டர் வயல், தேன்நிறக் கல்வீடு என்று நாம் பார்க்கும் படங்களில் பல அங்கே எடுத்தவை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி, தென்மேற்கில் லோத் ஆற்றங்கரையை ஒட்டிய கேர்சி. இரண்டிலும் நடந்திருக்கிறேன். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஊர் பார்க்க லுபெரோன், நடக்க கேர்சி.

லுபெரோன் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் மலைத்தொடர். உச்சி 1,125 மீட்டர்தான், பயப்பட ஒன்றுமில்லை. வடசரிவில் பொன்னியூ, லாகோஸ்ட், மேனெர்ப், ஒப்பேத் என்று வரிசையாக ஊர்கள். நடுவில் கலவோன் ஆற்றுச் சமவெளி. அதற்கு அந்தப் பக்கம் கோர்த், ரூசியோன். இங்கே நடப்பதில் இருக்கும் தனிச் சுகம் என்னவென்றால், இன்று தங்கும் ஊரிலிருந்தே நாளை போகும் ஊர் கண்ணுக்குத் தெரியும்.

பொன்னியூவின் உச்சியில் இருக்கும் பழைய தேவாலயத்துக்கு 86 படி ஏற வேண்டும். மேலே நின்றால் எதிர்க்குன்றில் லாகோஸ்ட், அதன் தலையில் பாதி இடிந்த கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் சர்ச்சைக்குரிய எழுத்தாளர் மார்க்கி தெ சாத் வாழ்ந்த கோட்டை அது. 2001இல் ஆடை வடிவமைப்பாளர் பியேர் கார்தான் வாங்கிச் செப்பனிட்டார். இந்த இரண்டு ஊரும் எதிரெதிர் திண்ணையில் உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும் பங்காளிகள் மாதிரி. பொன்னியூ பிரெஞ்சுப் புரட்சி வரை போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதி. லாகோஸ்டில் இருந்தவர்களோ ரோமுக்குக் கட்டுப்படாத வால்தேன்சியர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். 1545இல் அவர்கள்மீது படை ஏவப்பட்டபோது லாகோஸ்டும் சூறையாடப்பட்டது. இத்தனை வரலாறும் ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளிக்குள். திராட்சைத் தோட்டமும் செர்ரி மரங்களுமாக இறங்கி, பள்ளத்தைக் கடந்து, மறுபடி கல் பாவிய தெருவில் மூச்சு வாங்க ஏறினால் ஊர் வந்துவிடும்.

ஆனால் அந்தச் சின்ன இடைவெளிதான் சிக்கலும். காலையில் பொன்னியூவில் கிளம்பினால் மதியத்துக்குள் லாகோஸ்ட் முடிந்து, சாயங்காலம் மேனெர்ப்பில் இருப்பீர்கள். நடை பிரியர்களுக்கு இது போதாது. வழியை நீட்ட நல்ல இடம் பொன்னியூவுக்கு மேலே இருக்கும் கேதுரு காடு. 1860களில் வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்தது; இன்று வெயில் நாளிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. இன்னொரு வழி, பொன்னியூவிலிருந்து சமவெளிக்கு இறங்கி, ரோமானியர் கட்டிய மூன்று வளைவுப் பாலமான பொன் ஜூலியனைக் கடந்து ரூசியோனுக்கு ஏறுவது. 2005 வரை அந்தப் பாலத்தின் மேல் கார் ஓடியது என்றால் கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரூசியோனில் காவிமண் பாறைகளுக்கு நடுவே கட்டணப் பாதை ஒன்று உண்டு. வெள்ளை ஷூ வேண்டாம்.

குறைகள்? சமவெளியைக் கடக்கும்போது தார்ச்சாலை ஓரம் நடக்க வேண்டிவரும். கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் அங்கே எல்லாமே நடக்கிறது. ஒற்றை இரவுக்கு அறை தர யோசிக்கும் விடுதிகள் உண்டு. கோர்த் போன்ற ஊரில் கோடைக்கால வாடகை நம் பட்ஜெட்டைத் தின்றுவிடும். கோர்த் அருகே இருக்கும் சேனாங்க் மடத்தின் லாவெண்டர் பூப்பது ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை. அதே சமயத்தில்தான் வெயிலும் கூட்டமும் உச்சம். காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் மலைப்பாதைகளுக்குள் நுழையவே தடை போட்டுவிடுவார்கள். மறுநாள் நிலவரம் முந்தின மாலைதான் தெரியவரும். அதாவது ஜூலையில் போனால் உங்கள் திட்டம் உங்கள் கையில் இல்லை. ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது போவதே மேல். மிஸ்த்ரால் என்ற பலத்த வடகாற்று அப்போதும் தள்ளும், ஆனால் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும்.

இப்போது கேர்சி. சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், அதை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடும் லோத், செலே என்ற இரண்டு ஆறுகள். பிரான்சின் ல புய்யிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ வரை போகும் பழைய யாத்திரைப் பாதை இந்த வழியாகத்தான் செல்கிறது. பிரான்சின் நெடுந்தூர நடைப்பாதைகளுக்கு ஜி.ஆர். என்று எண் போடுவார்கள்; இதன் எண் ஜி.ஆர். 65. ஃபிஜாக் நகரைத் தாண்டியதும் ஜி.ஆர். 651 என்ற கிளை பிரிந்து செலே பள்ளத்தாக்கில் இறங்கும். எஸ்பாஞாக், மர்சியாக், கப்ரெரே என்று ஊர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் செலே ஊர்களில் பெரும்பாலானவை குன்றின் உச்சியில் இல்லை. செங்குத்துப் பாறையின் அடியில், சில வீடுகள் பாறையையே பின்சுவராக வைத்துக்கொண்டு நிற்கின்றன. பாதைதான் மேட்டுநிலத்துக்கு ஏறி, அடுத்த ஊருக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. உச்சியில் ஊர் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு முதல் மூன்று நாள் ஏமாற்றமாக இருக்கும். அப்புறம் சேன் சிர்க் லாப்போப்பி வரும்.

அந்த ஊருக்குப் பூசியெஸ் பக்கமிருந்து நடந்து வருவதுதான் சரியான வழி. லோத் ஆற்றில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலம் ஒன்று இருந்தது. பூசியெஸ் அருகே பாறை நேராகத் தண்ணீரில் இறங்குவதால் இழுப்பவர்கள் நடக்க இடமில்லை. அதனால் 1840களில் பாறையையே குடைந்து பாதை வெட்டினார்கள். தலைக்கு மேல் பாறைக்கூரை, ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர். ஓரிடத்தில் சுவரில் மீனும் கிளிஞ்சலுமாகப் புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறது. அது 1990களை ஒட்டி வந்த புது வேலை. கைவைத்துத் தடவிப் பார்க்கலாம், ஈரச் சில்லிப்பு. பாறை உருளும் அபாயம் இருந்தால் இந்தத் துண்டை மூடிவைப்பார்கள் என்பதால் முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளவும். பாதை முடிந்து சற்றுத் தூரம் போய் நிமிர்ந்தால், ஆற்றுக்கு நூறு மீட்டர் உயரத்தில் ஊர் தொங்குகிறது. கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1950களில் இங்கே வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்ததில் ஆச்சரியமில்லை. பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நெரிக்கும், லுபெரோனுக்குக் கொஞ்சமும் இளைப்பில்லை. ஆறு மணிக்கு மேல் தெருக்கள் காலி. நடந்து வந்தவர்கள் அங்கேயே தங்குவதால் அந்த நேரம் அவர்களுக்குத்தான்.

நான் கேர்சி பக்கம் சாய்வதற்குக் காட்சி காரணமில்லை. யாத்திரிகர்கள் காலங்காலமாக நடந்து போகும் வழி என்பதால் அங்கே நடப்பவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. 15, 20 கிலோமீட்டருக்கு ஒரு ‘ஜீத்’ இருக்கிறது: கட்டில், பொது மேஜையில் இரவுச் சாப்பாடு, காலை ரொட்டி, காப்பி எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஐம்பது யூரோவை ஒட்டி வரும். ஒற்றை இரவுக்குத்தான் அந்த இடங்களே. பையைத் தூக்க முடியாவிட்டால் வேனில் அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கலாம்.

குடிதண்ணீர் விஷயத்தில் மட்டும் கேர்சி கொஞ்சம் கஞ்சம். சுண்ணாம்புக்கல் மழையை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் மேட்டில் ஓடையே கிடையாது. இரண்டு லிட்டர் இல்லாமல் ஏற வேண்டாம். தீர்ந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பிரெஞ்சுக் கிராமங்களில் பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் அநேகமாக இருக்கும். குடிக்கக் கூடாத நீர் என்றால் பெரும்பாலும் எழுதிப் போட்டிருப்பார்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சரி.

சுண்ணாம்பு இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய குடிசைகள் இரண்டு இடத்திலும் உண்டு. கோர்த் அருகே அவற்றை ‘போரி’ கிராமம் என்று வேலி போட்டுச் சீட்டுக் கிழிக்கிறார்கள். கேர்சியில் அதே வகைக் குடிசை ஆட்டுமேய்ச்சல் நிலத்தில் சும்மா நிற்கிறது, மழை வந்தால் உள்ளே ஒதுங்கலாம். கப்ரெரே பக்கத்தில் பெக் மெர்ல் குகையும் இருக்கிறது. 1922இல் உள்ளூர்ப் பையன்கள் கண்டுபிடித்தது. புள்ளிக் குதிரை ஓவியங்கள் சுமார் 29,000 ஆண்டு பழையவை. நாளுக்கு இவ்வளவு பேர்தான் என்று வரம்பு இருப்பதால் சீட்டை முன்பதிவு செய்யாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

போய்ச்சேருவதில் லுபெரோன் ஜெயிக்கிறது. பாரிஸிலிருந்து அவிஞோனுக்கு அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு, அங்கிருந்து லுபெரோனின் அடிவார நகரமான ஆப்த் வரை பேருந்து. கேர்சியின் முக்கிய நகரமான கஹோருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பழைய தடத்தில் ஆடி ஆடிப் போக வேண்டும். துலூஸ் வழியாக வருபவர்களுக்கு மட்டும் சுலபம். கைவசம் மூன்றே நாள் என்றால் நானே பொன்னியூவைத்தான் சொல்வேன்.

மூன்றாவதாக, கேர்சிக்கு வடக்கே தொர்தோஞ் ஆற்றுப் பகுதியின் பெயரும் அடிபடும். தோம், பேனாக், காஸ்தெல்நோ என்று ஆற்றின் மேல் கோட்டை ஊர்கள். அழகில் குறையில்லை. ஆனால் அவை ஆற்றிலிருந்து பார்க்கக் கட்டியவை போலவே இருக்கின்றன. படகு வாடகைக்கு எடுத்துத் துடுப்பு போடுங்கள், நடை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கேர்சி ஒரு சோதனை. வாத்துதான் அங்கே பிரதானம். உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள், சாலட் என்று கேட்டால் மேலே வாத்தின் கல்லீரலோ இரைப்பையோ வந்து உட்கார்ந்திருக்கும். லுபெரோனில் கத்திரிக்காய், தக்காளி, ஆலிவ் எண்ணெய் என்று நமக்குப் பழகின பொருள்கள். சனிக்கிழமை ஆப்த் சந்தையில் பை நிரப்பினால் இரண்டு நாள் ஓடும். கேர்சியில் ஜீத்துக்குப் பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் வந்துவிடலாம். பையில் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸும் வால்நட்டும் இருக்கட்டும். திங்கட்கிழமை பல ஊரில் ரொட்டிக்கடை திறக்காது.