பாக்கெட்டில் 270 ஜி.எஸ்.எம்., தராசில் 180: வீட்டில் போட்டோ பிரிண்ட் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டிலேயே புகைப்படங்களை அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள், "ஒரு படத்துக்கு இரண்டரை ரூபாய்தான் ஆகும்" என்று கடைக்காரர் போட்டுக் காட்டும் கணக்கை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு கடையில் எனக்கு அந்தக் கணக்கையும், அதற்குத் தோதாக ஒரு பிரிண்டரையும், பொய்யான எடை அச்சிட்ட போட்டோ பேப்பரையும் சேர்த்தே விற்றார்கள். முறையீடு இன்னும் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாததால் வாசகருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இதே கணக்கையும் இதே பேப்பரையும் வேறு பல கடைகளிலும் பின்னர் பார்த்தேன்.

பெற்றோரின் மணிவிழாவுக்கு வந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் இருக்கும் படங்களைக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டில் எடுத்த முடிவு. எங்கள் பகுதிக் கலர் லேபில் 4×6 அளவுப் படத்துக்கு 12 ரூபாய் கேட்டார்கள். கடைக்காரர் ஒரு விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டிய கணக்கு இது: ஏ4 கிளாஸி பேப்பர் 50 தாள் 450 ரூபாய், ஆகவே தாள் ஒன்று 9 ரூபாய், ஒரு தாளில் நான்கு படம், ஆகவே படம் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு, ஒரு செட் இங்க் பாட்டில் 1,400 ரூபாய், அதில் 7,500 பக்கம் வரும், ஆகவே மைக்குப் படம் ஒன்றுக்கு இருபது காசுகூட வராது. "லேபுக்குக் குடுக்குற காசுல பிரிண்டரே வாங்கிடலாம் சார்" என்பது அவர் வாக்கு. 12,500 ரூபாய்க்கு, பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டரும், 50 தாள் கொண்ட ஐந்து பாக்கெட்டுகளும் வாங்கினேன்.

அந்தக் கணக்கின் முதல் ஓட்டை, ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடையது. நான்கு 4×6 படங்களை இரண்டிரண்டாக வைக்க 8 அங்குலம் அகலமும் 12 அங்குலம் நீளமும் வேண்டும். 12 அங்குலம் என்பது 30.48 செ.மீ. ஆகத் தாள் எட்டு மில்லிமீட்டர் போதவில்லை. முழு அளவில் வேண்டுமென்றால் இரண்டு படங்களை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்க வைத்தும் மூன்றுதான் அச்சிட முடியும். நான்காவது வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சற்றுச் சுருக்க வேண்டும், அப்போது கடையில் விற்கும் 4×6 ஆல்பத்திலும் பிரேமிலும் ஓரத்தில் வெள்ளை தெரியும். அத்துடன், வெட்டுவதற்கு டிரிம்மர் ஒன்று தேவை. கத்தரிக்கோலால் வெட்டிய படத்தின் விளிம்பு, எவ்வளவு கவனமாக வெட்டினாலும், கத்தரிக்கோலால் வெட்டியது போலத்தான் இருக்கும். ஆகத் தாளுக்கான செலவு படம் ஒன்றுக்கு 2.25 அல்ல, 3 ரூபாய். கோணலாக இழுத்ததும் வண்ணம் பிசகியதுமாக வீணானவற்றைச் சேர்த்தால் அதற்கும் மேல்.

மைக் கணக்கு இன்னும் மோசமானது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 7,500 பக்கம் என்பது அலுவலகக் கடிதம், சிறு வரைபடம் போன்ற பக்கங்களை வைத்து அளந்த எண்ணிக்கை. ஐ.எஸ்.ஓ. 24711, 24712 என்ற தர அளவைகளின்படி அந்தச் சோதனைப் பக்கங்களின் பெரும்பகுதி வெற்றுத் தாளாகவே இருக்கும். ஒவ்வொரு நிறமும் பக்கத்தில் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டை மட்டுமே மூடும். புகைப்படத்தில் வானமும் சுவரும் பட்டுப்புடவையும் தாளின் ஓரம் வரை மை குடிக்கின்றன. படங்களுக்கென்றே 29102, 29103 என்று தனி அளவைகள் இருக்கின்றன. ஆனால் இங்க் டேங்க் பிரிண்டரை விற்பவர்கள் அந்த எண்ணிக்கையைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. நிறுவனத்தின் அசல் மையை வாங்கி, டேங்கில் குறைந்த அளவைப் பார்த்து நான் கணக்கிட்டதில், 4×6 படம் ஒன்றுக்கு மைச் செலவு ஒன்றரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் வரை வந்தது. சில வாரங்கள் சும்மா கிடந்த பிரிண்டரில் கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் துளைகளைச் சுத்தம் செய்வது) கொடுக்க வேண்டியிருக்கும். அதில் வெளியேறும் மை ஒரு படத்தையும் தராமல் அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் நின்றுவிடும் என்பதையும் அதை மாற்றக் காசு ஆகும் என்பதையும் விற்கும்போது யாரும் சொல்லவில்லை. 3,000, 4,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று நிறமும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருப்பவற்றில், நீலம் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிய வேண்டும்.

இதுவரை சொன்னவை வியாபாரப் பேச்சின் மிகை என்று ஒருவர் வாதாடலாம். பேப்பர் விஷயத்தில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

பாக்கெட்டின் மேல் "270 ஜி.எஸ்.எம்., ஆர்.சி. ஹை கிளாஸி" என்று அச்சிட்டிருந்தது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் என்பதால், ஒரு தாளின் எடையைப் பதினாறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். 270 என்றால் தாள் ஒன்று 17 கிராமை ஒட்டியும், 50 தாள் 840 கிராமுக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். உறையை நீக்கிவிட்டு, பிரிக்காத ஒரு பாக்கெட்டின் 50 தாள்களையும் மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்தபோது 565 கிராம் காட்டியது. கணக்குப் போட்டால் 180 ஜி.எஸ்.எம்.! தராசின் பிழை ஐந்து பத்து கிராம் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், காணாமற்போன 280 கிராமுக்கு அது ஈடாகாது. மளிகைக் கடை அண்ணாச்சி இரண்டாம் முறையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, அரிசியில் இப்படிக் குறைந்தால் ஊர் சும்மா விடுமா என்று கேட்டார்.

எடையை விடப் பெரிய பொய் "ஆர்.சி." என்ற இரண்டு எழுத்துகளில் இருந்தது. ரெசின் கோட்டட் என்பதன் சுருக்கம் அது: காகிதத்தின் இருபுறமும் மெல்லிய பாலிஎத்திலீன் படலம் போர்த்தி, அதன் மேல் மையை ஏற்கும் நுண்துளைப் பூச்சைப் பூசிய தாள். கலர் லேப் தாளைப் போல வழவழப்பாகவும், மை பட்டாலும் நெளியாமலும் இருப்பது அதனால்தான். எனக்கு விற்றது காஸ்ட் கோட்டட் என்ற மலிவு வகை. காகிதத்தின் ஒருபுறம் மட்டும் பூச்சைப் பூசி, சூடான பளபளப்பு உருளையில் அழுத்திப் பளபளப்பேற்றிய தாள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் தேவையில்லை. தாளின் பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், ஆர்.சி. தாளில் முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும். காஸ்ட் கோட்டட் தாளில் சிறிது நேரத்தில் ஊறி, அந்த இடம் புடைத்துக்கொள்ளும். ஓரத்தைக் கிழித்தால் ஆர்.சி. தாள் பிளாஸ்டிக் போல இழுபட்டுப் படலம் தெரியும். மற்றது நோட்டுப் புத்தக அட்டை போலக் கிழியும். என்னிடமிருந்த ஐந்து பாக்கெட்டிலும் ஒவ்வொரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஐந்திலும் தண்ணீர் ஊறியது.

காஸ்ட் கோட்டட் பேப்பரே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிப் புராஜெக்ட், விழா அழைப்பு மாதிரி, ஆறு மாதத்தில் எடுத்துவிடப் போகும் படம் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும், 180 ஜி.எஸ்.எம். என்று உண்மையைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெடுநாள் வைத்துக்கொள்ள வேண்டிய படத்துக்குத்தான் அது உதவாது. எங்கள் சித்தப்பா வீட்டுக் கூடத்தில், சாலையைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடி இல்லாமல் ஒட்டி வைத்திருந்த குழுப்படம் சில மாதங்களிலேயே செம்மஞ்சளாக மாறியது. மாமாவின் நீலச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. அதே நாளில் அச்சிட்டு ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த படங்கள் அவ்வளவாகக் கெடவில்லை. காரணம் வெயில் மட்டுமன்று. டை வகை மை (நீரில் கரைந்த சாயம்) நுண்துளைப் பூச்சில் அமரும்போது காற்றும் அதனிடம் எளிதில் சென்று சேர்கிறது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன், நீல மையான சையானை முதலில் அழிக்கிறது, எஞ்சிய மஞ்சளும் இளஞ்சிவப்பு மையான மெஜந்தாவும் படத்தைச் செம்மஞ்சளாகக் காட்டுகின்றன. இது புதிய செய்தியும் அன்று. 2000-ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கிளாஸி பேப்பரிலேயே அச்சிட்ட படங்கள் இப்படிச் செம்மஞ்சளாகிப் பெரிய சர்ச்சையானது. பின்னர் மைகளும் பேப்பர்களும் மேம்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மேம்பட்ட மை இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாத மையும், மேம்பட்ட பேப்பர் இருக்க வேண்டிய இடத்தில் பொய் லேபிள் ஒட்டிய பேப்பரும் வந்தால், 2000-இல் நடந்தது இன்றும் நடக்கும்.

பெயரில்லாத மை என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. இலவசமாக இன்ஸ்டால் செய்து தருகிறோம் என்று கடையிலேயே பெட்டியைப் பிரித்து, உள்ளே கொண்டுபோய் மை நிரப்பிக் கொடுத்தார்கள். இங்க் டேங்க் பிரிண்டருடன் ஒரு செட் அசல் மை பாட்டில்கள் வரும். அவற்றின் காலிப் பாட்டில்களையாவது கொடுங்கள் என்று பின்னர் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மாற்றி ஊற்றினார்கள் என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆகவே முறையீட்டில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் பெட்டியை உங்கள் கண்முன் பிரித்து, உங்கள் கண்முன் நிரப்பச் சொல்லுங்கள், அல்லது சீல் உடைக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து நீங்களே நிரப்புங்கள். அது பெரிய வித்தையன்று. வேற்று மையால் ஹெட் பழுதானால் வாரண்டி செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிடுவார்கள்.

பிரிண்டரும் "போட்டோ பிரிண்டர்" என்ற பெயருக்குப் பொருந்தியதன்று. அதில் நான்கு நிறம். கறுப்பு மட்டும் பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்) வகை, மற்ற மூன்றும் டை. எழுத்துகளுக்கு அந்தக் கறுப்பு மிக நன்றாக இருக்கும். ஆனால் கிளாஸி பேப்பரில் அது ஒட்டாமல் மேலேயே நிற்கும் என்பதால், பேப்பர் வகையைக் கிளாஸி என்று கொடுத்தவுடன் பிரிண்டர் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்குகிறது. அம்மாவின் கூந்தல் அடர்பழுப்பாக வந்ததன் காரணம் இதுதான். செட்டிங்கை எப்படி மாற்றினாலும் அது முழுதாகத் தீராது. கறுப்பும் டை வகையாக உள்ள பிரிண்டர்களும், வெளிர் நீலம், வெளிர் மெஜந்தா சேர்த்த ஆறு நிறப் பிரிண்டர்களும் இருக்கின்றன. படத்துக்காகவே வாங்குகிறவர் "கறுப்பு டையா, பிக்மென்டா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, விடை வராத கடையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

தாள்களையும் தராசுச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டியபோது, "எல்லாம் ஒரே மில்லுல வர்றதுதான் சார், லேபிள் ஒட்டுறவன் வேற" என்ற பதில் கிடைத்தது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற முத்திரையையும் காட்டினார்கள். அந்த முத்திரைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரியோ, மாதம், ஆண்டோ, எம்.ஆர்.பி.யோ இல்லை, பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி இவை கட்டாயம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்த பிறகு ஐந்து பாக்கெட்டுக்கான 2,250 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். போட்டோ பிரிண்டர் என்று சொல்லி விற்றது பற்றிய முறையீடு மாவட்ட ஆணையத்தில் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

உண்மையான ஆர்.சி. பேப்பரையும் அசல் மையையும் வைத்து இப்போது கணக்குப் போட்டால், 4×6 அளவில் வெட்டியே வரும் நல்ல நிறுவனத் தாள் ஒன்று 8 ரூபாயிலிருந்து 10 ரூபாய், மை இரண்டு ரூபாய் என்று, பிரிண்டரின் விலையைச் சேர்க்காமலே லேப் விலையைத் தொட்டுவிடுகிறது. மலிவுத் தாளில் அச்சிட்டுப் படத்துக்கு 6 ரூபாய் மிச்சம் பிடித்தால்கூட 12,500 ரூபாயை எடுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அச்சிட வேண்டும். ரிப்பனும் தாளும் ஒரே செட்டாக வரும், ரிப்பனிலுள்ள சாயத்தைச் சூட்டினால் தாளில் ஏற்றும் சிறிய டை சப்ளிமேஷன் பிரிண்டர்களில் படம் ஒன்றுக்கு 25 ரூபாயை ஒட்டி ஆகிறது. விலை அதிகம்தான், ஆனால் 108 தாள் என்றால் 108 படம், மை தனியாகத் தீர்வதில்லை, ஹெட் காய்ந்துபோவதும் இல்லை. எங்கள் வீட்டு மணிவிழாப் படங்களில் எஞ்சியவற்றைக் கலர் லேபிலேயே கொடுத்துவிட்டோம். மொத்தமாகக் கொடுத்ததால் 12 ரூபாயை 9 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். பிரிண்டர் வாங்கப் போவதற்கு முன் அந்தப் பேரத்தைக் கேட்டுப் பார்ப்பது எவருக்கும் நல்லது.