மிசுனா கீரை விதை: திருநெல்வேலி மாடிக்குத் தேறுமா?

"சுலபமாக வளரும் ஜப்பானியக் கடுகுக் கீரை" என்று அச்சடித்து ஆன்லைனில் விற்கிறார்கள். சுலபம்தான், ஐப்பசி பிறந்ததிலிருந்து தை முடியும்வரை மட்டும். பாக்கெட்டின் பின்பக்கக் குறிப்பு குளிர்தேசத்துக்கு எழுதியது. 'வசந்தத்தில் விதைக்கவும், முழு வெயிலில் வைக்கவும்' என்பதை நம்பிப் பங்குனியில் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் தூவினால், நாலு இலை விடுவதற்குள் தண்டு நீண்டு மஞ்சள் பூ வந்துவிடும். அப்புறம் இலை நாராகிக் கசக்கும். தென்காசிப் பக்கம் ஆடிச் சாரலில் ஒரு முறை முயன்று பார்க்கலாம். பாளையங்கோட்டையில் அதே ஆடியில் அனல்காற்றுதான்.

கியோட்டோ வட்டாரத்துக் கீரை இது. மிசுனா என்றால் 'நீர்க்கீரை'. அந்தப் பெயரை மனசில் வைத்துக்கொண்டால் வளர்ப்பில் பாதிக் குழப்பம் தீரும்: மண் ஒரு நாள் காய்ந்தாலும் செடிக்குப் பூக்கும் அவசரம் வந்துவிடும்.

ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும். செம்மண், அலசிய தென்னைநார்க் கழிவு, மக்கிய சாணி உரம் மூன்றும் சம பங்கு. விதை கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து தூவி, அரை சென்டிமீட்டர் மட்டும் மண் மூட வேண்டும். நம்ம ஊர் உஷ்ணத்துக்கு மூன்றாம் நாள், நாலாம் நாள் முளைத்துவிடும். பிஞ்சு இலையாக அறுப்பதென்றால் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி, குத்தாக வளர்க்க 15. நெருக்கமாக விட்டு, தண்ணீரையும் குடம் குடமாக ஊற்றினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். காலை வெயில் நாலு மணி நேரம் பட்டால் போதும், 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை. உப்புத் தண்ணீர் வரும் போர் என்றால் இலை ஓரம் கருகும். மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ ஊற்றலாம்.

பெரிய தலைவலி தத்து வண்டு. எள்ளளவு கறுப்பு வண்டு, கை நீட்டினாலே தெறித்து ஓடும். இலையில் ஊசியால் குத்தினாற்போல ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். ஆனால் பச்சையாகத் தின்னும் இலையில் அந்தக் கசப்பு தங்கிவிடும். விதைத்த அன்றே கொசுவலையால் மூடிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

25 நாளில் முதல் அறுப்பு. நடுக்குருத்தைத் தொடாமல் இரண்டு விரற்கடை விட்டு நறுக்க வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து நாளில் மறுபடி துளிர்க்கும். மூன்று அறுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வருவது மாட்டுக்குத்தான் ஆகும்.

ருசி எப்படி? இலை ஓரம் ரம்பப் பல்லாக வெட்டியிருக்கும், காம்பு வெள்ளையாக, கடித்தால் நறுக்கென்று நீர் விடும். காரம் நம் கடுகுக் கீரையில் பாதிகூட இல்லை. இதைச் சிறுகீரை மாதிரி கடைந்தால் சட்டியில் ஒரு பிடிதான் மிஞ்சும், மணமும் போய்விடும். கடைசலுக்கு நம் கீரைகளே மேல். மிசுனாவின் இடம் சொதி: கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு அடுப்பை அணைத்ததும் பொடியாக நறுக்கிய இலை இரண்டு கைப்பிடி போட்டு மூடினால், அந்தச் சூட்டிலேயே வதங்கும், காம்பின் மொறுமொறுப்பும் கெடாது. தயிர்ச்சோற்றுக்கு ஜப்பானிய முறை உப்பூறல் அருமை. 300 கிராம் கீரைக்கு 9 கிராம் உப்பு பிசிறி, மேலே பாரம் வைத்து ராத்திரி பிரிட்ஜில் விட்டு, காலையில் பிழிந்தெடுத்தால் தயார். மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வாங்குமுன் பாக்கெட் கட்டிய தேதியைப் பாருங்கள். தேதியே இல்லாமலும் அனுப்புகிறார்கள். சந்தேகமென்றால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள், ஏழு விதையாவது முளைத்தால் தூவலாம். மீதியை ஈரம் படாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் முளைக்கும்.