ஜியாகிரபி ஆன்லைன் மாட்யூல் ரிவ்யூ: மக்கள்தொகை செம, நகரம் சொதப்பல் (3/5)

குரூப் 1க்கு படிக்கிறேன், அதுக்காக மக்கள்தொகை, நகர்ப்புற புவியியல் மாட்யூல் மட்டும் ஒரு ஆன்லைன் சென்டர்ல தனியா வாங்கினேன், சென்டர் பேரு வேணாம்.

மக்கள்தொகை வீடியோ எல்லாம் உண்மையிலேயே நல்லா இருக்கு. அடர்த்தினா என்னனு ஃபார்முலா சொல்லிட்டு ஓடாம எகிப்து மேப்ப போட்டு ஆரம்பிக்கிறாரு சார். பரப்பளவு சுமார் 10 லட்சம் சதுர கிமீ, ஜனம் 10 கோடிக்கு மேல, வகுத்தா சதுர கிமீக்கு நூத்து சொச்சம் பேருதான், காத்தாட இருக்குற நாடு மாதிரி தெரியும். ஆனா கிட்டத்தட்ட எல்லாருமே நைல் கரையிலயும் டெல்டாவுலயும்தான் அடைஞ்சு கிடக்காங்க, மிச்சம் பாலைவனம், அதனால விளைநிலத்த வச்சு வகுத்தா கணக்கு எங்கயோ போகுது.

அதவிட பெஸ்ட் சென்சஸ் டவுன் கிளாஸ். குறைஞ்சது 5000 பேரு, சதுர கிமீக்கு 400 பேரு, ஆம்பள முதன்மைத் தொழிலாளர்ல 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை, இந்த மூணும் இருந்துட்டா சென்சஸ்ல அது நகரம், ஆனா நிர்வாகம் என்னவோ ஊராட்சிதான், கிராம சபை கூட நடக்கும்! 2001ல கேரளாவோட நகர மக்கள் 26 சதவீதம், 2011ல 47.7, எல்லாரும் மூட்டை முடிச்சோட சிட்டிக்கு போயிட்டாங்களானு கேட்டா இல்ல, இருந்த ஊருங்களே சென்சஸ் டவுன் ஆனதுதான் பெரிய காரணம். இந்த ஒரு கிளாஸுக்கே காசு குடுக்கலாம்ங்க.

நகர அமைப்பு வந்ததும் வேற சார், அப்படியே ஸ்லைட பாத்து படிக்கிறாரு. ஒரு நகரம் உள்ளுக்குள்ள எப்படி பிரிஞ்சிருக்குனு சொல்ற மாடல் மூணு: பர்ஜெஸ் 1925 சிகாகோவ வச்சு வட்டம் வட்டமா, ஹாய்ட் 1939 மையத்துலேர்ந்து கேக் துண்டு மாதிரி பிரிக்கிறது, ஹாரிஸ் உல்மன் 1945 பல மையம், மூணு படம், கதை முடிஞ்சுது. ஏன் சார், சென்னைல பாரிஸ் கார்னர் ஒரு மையம், தி.நகர் இன்னொன்னு, ஐடி கம்பெனியெல்லாம் ஓஎம்ஆர புடிச்சுக்கிட்டே நீளமா போகுது, இத வச்சு சொல்லிருந்தா சட்டுனு மண்டைல ஏறிருக்குமே, மெயின்ஸ்ல எழுதவும் உதவும்.

பிடிஎஃப் நோட்ஸ நம்பாதீங்க. அடர்த்தில மேற்கு வங்கம் முதலிடம்னு இன்னும் இருக்கு, அது 2001 கணக்கு, 2011ல பீகார் 1106ஓட மேல போயிடுச்சு. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், "நோட்டட்"னு வந்துச்சு, பிடிஎஃப் மாறல. வீடியோ டவுன்லோட் ஆப்ஷனும் கிடையாது, நெட்டு சுத்துற ஊர்ல இருக்குறவங்க யோசிச்சு வாங்குங்க.