தமிழில் ஒரு பாரிஸ் நடை: நோத்ர தாமிலிருந்து மாரே வரை (சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள்)

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பேலில் மரக்கறி வாங்கப் போகிறவர்கள் இந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் வரலாற்று நடை, மூன்று மணி நேரம், தலைக்கு 25 யூரோ, சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. நடத்துகிறவர் வேலையிலிருந்து ஓய்வெடுத்த ஒரு ஐயா. குறையும் சொல்லப் போவதால் அவருடைய பெயரை நான் எழுதவில்லை. வேணுமென்றவர்கள் அங்கே எந்தக் கடையில் விசாரித்தாலும் சொல்லுவினம்.

கனடாவிலிருந்து வந்த மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி குருநகர், கோயில் பூசை தவறாத கத்தோலிக்கர். நான் சைவம். எங்களோடு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இரண்டு பெடியன்களும். அளவான கூட்டம், ஐயா கத்தத் தேவையில்லை, எல்லாருக்கும் கேட்டது.

நோத்ர தாம் பேராலய வாசலில் அவர் செய்தது அருமை. உள்ளே போகும் வரிசைக்கு எங்களை உடனே விடவில்லை. நடு வாசலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு பெண் சிலைகளைக் காட்டினார். இடப்பக்கம் நிற்பவள் திருச்சபை: தலையில் கிரீடம், நிமிர்ந்த பார்வை. வலப்பக்கம் நிற்பவள் யூதக் கோயில்: கிரீடம் காலடியில் விழுந்து கிடக்கிறது, கைக்கோல் முறிந்திருக்கிறது, கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு பாம்பு சுற்றியிருக்கிறது. பழைய சிலைகள் பிரெஞ்சுப் புரட்சியில் உடைந்து, 19-ம் நூற்றாண்டில் திரும்பச் செய்தவை இவை. நான் இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு இந்த வாசலால் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், அந்தப் பாம்பை ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை. "இந்தச் சிலைக்குக் கீழால நடந்து போய்த்தான் ஒரு யூதர் இந்தக் கோயிலுக்குப் பேராயரா இருந்தவர்" என்று சொல்லிவிட்டு ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்த இடைவெளிக்கே காசு கொடுக்கலாம்.

அவர் சொன்னது கர்தினால் ழான்-மரி லுஸ்திஜேயின் கதை. 1926-ல் பாரிசில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ஆரோன். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிள்ளைகளை ஓர்லேயான் நகரில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் வீட்டில் விட்டார்கள். 1940 ஓகஸ்ட்டில், 13 வயதில், பெற்றோருக்குத் துளியும் விருப்பமில்லாமல், அவர் திருமுழுக்குப் பெற்றார். தாய் பாரிசுக்குத் திரும்பிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டு, திரான்சி முகாம் வழியாக நாசிகளின் கொலைமுகாமான அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டு, 1943-ல் கொல்லப்பட்டார். போர் முடிந்ததும் தகப்பன் அந்தத் திருமுழுக்கைச் செல்லாததாக்க முயன்று பார்த்தார், நடக்கவில்லை. மகன் 1954-ல் குரு, 1981-ல் பாரிஸ் பேராயர், 1983-ல் கர்தினால். தன் கல்லறைக்குத் தானே எழுதிய வாசகத்தை ஐயா கைத்தொலைபேசியிலிருந்து தமிழில் வாசித்தார்: யூதனாகப் பிறந்தேன், பாட்டனாரின் பெயரான ஆரோன் எனக்கு இடப்பட்டது, விசுவாசத்தாலும் திருமுழுக்காலும் கிறிஸ்தவனான பிறகும் அப்போஸ்தலர்களைப் போல யூதனாகவே இருந்தேன்.

2007 ஓகஸ்ட் 10-ம் திகதி அடக்க நாளில், பூசை தொடங்குமுன், நாங்கள் நின்ற அதே முற்றத்தில் இறந்தவருக்காக யூதர்கள் சொல்லும் கதீஷ் செபம் சொல்லப்பட்டது. சொன்னவர் அவருடைய உறவினர் ஆர்னோ லுஸ்திஜே. அவுஷ்விட்சில் இருந்து உயிர் தப்பியவர், வரலாற்றாசிரியர். கதீஷ் வெளியே, பூசை உள்ளே.

அப்போதுதான் மாமி கேட்டா: "அப்ப கடைசியில அவர் யூதரோ, வேதக்காரரோ?"

ஐயா சிரித்துக்கொண்டு சொன்ன மறுமொழி இது: "ஏன் அக்கா, நீங்கள் வேதம், இந்தப் பிள்ளை சைவம். ரெண்டு பேரும் தமிழர்தானே? அதுமாதிரித்தான்." எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. மாமி தலையாட்டினா, ஜெர்மனிக் குடும்பம் தலையாட்டியது, அடுத்து வரிசைக்குப் போய்விட்டோம்.

எனக்கு 25 யூரோவில் பாதி அந்த இடத்தில் போனது. மறுமொழி இனிப்பாக இருக்கிறது, ஆனால் அதுமாதிரி இல்லை. எங்களுக்குத் தமிழராக இருப்பதற்குக் கோயில் கேள்வி இல்லை. (அதுகூட முழு உண்மை இல்லை. எங்கள் இலங்கையில் முஸ்லிம்கள் வீட்டில் தமிழ்தான் கதைக்கிறார்கள், ஆனால் தங்களைத் தமிழர் என்று சொல்வதில்லை. இதை அந்தக் கூட்டத்தில் எடுத்திருந்தால் நடை அங்கேயே நின்றிருக்கும்.) யூதர்களிடத்தில் சமயமும் இனமும் ஒரே கதவால் போய்வருகின்றன. யூதத் தாய்க்குப் பிறந்தாலும் யூதர், முறைப்படி அந்தச் சமயத்தைத் தழுவினாலும் யூதர். ஆகவே வெளியே போனவரை என்னவென்று சொல்வது என்பது அவர்களுக்குள்ளேயே சண்டையான கேள்வி. யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பழைய சமயச் சட்டத்திடம் கேட்டால் 'ஆம்' என்று சொல்லும், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு. யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் ஒரு வரி இருக்கிறது: பாவம் செய்தாலும் அவன் இஸ்ரவேலனே. இதே பிரான்சில், பாரிசிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் தூரமான துருவாவில், 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி (யூத சமய குரு) ராஷி அந்த வரியை மதம் மாறியவர்களுக்கும் பொருத்தினார். அவன் செய்த கலியாணம் செல்லும். மனைவிக்கு விடுதலை வேண்டுமென்றால் அவன்தான் முறைப்படி விலக்குப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆனால் கூட்டுச் செபத்துக்குத் தேவையான பத்துப் பேரில் ஒருவனாக அவனை எண்ணமாட்டார்கள். கடமை எல்லாம் இருக்கிறது, மரியாதை இல்லை.

இஸ்ரேல் அரசிடம் கேட்டால் 'இல்லை'. ஓஸ்வால்ட் ரூஃபைசன் என்ற போலந்து யூதர், மீர் என்ற ஊரில் தான் யூதன் என்பதை மறைத்து ஜெர்மன் பொலிசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவை அழிக்கப் போகும் நாளை முன்கூட்டியே உள்ளே சொல்லிவிட்டார். சுமார் 300 பேர் காட்டுக்குத் தப்பினார்கள். ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார். பின்னாளில் டானியல் என்ற பெயரில் கார்மேல் சபைத் துறவியாக ஹைஃபாவுக்கு வந்து, யூதர் எவரும் இஸ்ரேலுக்கு வந்து குடியேறலாம் என்ற உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டார். 1962-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று மறுத்தது. சமயச் சட்டப்படி நீர் யூதராக இருக்கலாம், ஆனால் இது நாட்டுச் சட்டம், சாதாரண யூதர் ஒருவர் உம்மை யூதர் என்று சொல்லமாட்டார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அவர் மற்ற எவரையும் போல விண்ணப்பித்துக் குடியுரிமை எடுத்து, 1998-ல் அங்கேயே இறந்தார். 1970-ல் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: யூதர் என்றால் வேறு சமயத்தைச் சேராதவர். அதே திருத்தம் யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் வரும் உரிமையைக் கொடுக்கிறது. ஆகவே கிறிஸ்தவனாகவே வளர்ந்த பேரன் வரலாம், தானாக விரும்பி மாறிய யூதப் பாட்டன் வரமுடியாது.

போர்க்காலத்தில் நாசிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் 'யூதன்தான்' என்று சொல்லியிருக்கும். ஓர்லேயான் பையனின் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஆறு கிழமை ஆகமுன்னர், 1940 ஒக்டோபர் 3-ம் திகதிச் சட்டம் வந்தது. அது பாட்டன் பாட்டிமாரை எண்ணியது. திருமுழுக்குப் பத்திரத்துக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை.

ஐயா இதில் ஒன்றையும் தொடவில்லை. அதோடு மட்டும் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, லுஸ்திஜே எல்லாராலும் கொண்டாடப்பட்டவர் என்பதுபோலக் கதையை முடித்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. 1995-ல் அவர் இஸ்ரேலுக்குப் போனபோது தலைமை ரபி யிஸ்ராயேல் மேயர் லாவ், தன் மக்களை மிகக் கொடிய காலத்தில் கைவிட்டவர் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். லாவ் சிறுபிள்ளையாக பூகென்வால்ட் என்ற நாசி முகாமிலிருந்து மீண்டவர். ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டு யூதர்களைக் கட்டாயப்படுத்தி முழுக்காட்டினார்கள் என்று தெரிந்தால் அந்தக் கோபம் விளங்கும். வாசலில் அந்தப் பாம்புச் சிலையைக் காட்டத் தெரிந்த மனிதருக்கு இதைச் சொல்லத் தெரியாமல் இருக்காது. கனடா மாமிமாரை நோகடிக்கக் கூடாது என்று விட்டிருப்பார். மாமிமார் தாங்குவினம் ஐயா, சொல்லுங்கோ.

அடுத்த குறை கிழமை பற்றியது. நடையின் இரண்டாம் பாதி, பாரிசின் பழைய யூதர் பகுதியான மாரே. அங்கே பார்க்க வேண்டிய ஷோவா (யூத இனப்படுகொலை) நினைவகம் சனிக்கிழமை பூட்டு, யூதர்களின் ஓய்வுநாள். இது அவருக்குத் தெரிந்தும் சனிக்கிழமைதான் நடை வைக்கிறார், ஆக்களுக்கு அன்றுதான் லீவு என்று. அதனால் நாங்கள் கண்டது வெளிச்சுவரில் இருக்கிற, யூதர்களைக் காப்பாற்றியவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும். ரோசியே தெருவிலும் கன கடைகள் கதவு சாத்தியிருந்தன. பலாஃபெல் ஆசையோடு வந்த பெடியன்களுக்குச் சரியான ஏமாற்றம். தெருமுனையில் ஒரு கிரேப் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு நான் தனியப் போனேன். உள்ளே போக இலவசம், பையைச் சோதிப்பார்கள். பிரான்சிலிருந்து கொண்டு போகப்பட்ட சுமார் 76,000 பேரின் பெயர்கள் வெளிர் நிறக் கல்லில், ஆண்டு வாரியாக, அகர வரிசையில். 1943-ல் 'எல்' எழுத்துக்குப் போனால் லுஸ்திஜே. இவர்களில் பெரும்பாலானோரை ஏற்றி அனுப்பிய திரான்சி முகாம், லா கூர்நேவிலும் பொபினியிலும் இருக்கிற எங்கள் ஆக்களுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. சாதாரண வாடகை வீடுகள், மாடத்தில் உடுப்புக் காய்கிறது, முன்னால் ஒரு சரக்கு ரயில் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறார்கள். ஐயா தன் நடையில் திரான்சியையும் சேர்த்தால், நடக்கத் தேவையில்லை, ஒரு தனி நாளாக வைத்தால் நான் திரும்பக் காசு கட்டுவேன்.

மற்றபடி: நேரத்துக்கு வந்தார், குடை மறந்தவருக்குத் தன்னுடையதைக் கொடுத்தார், முழங்கால் நோ உள்ளவர்களுக்காக அடிக்கடி வாங்கில் இருத்தினார். குழந்தை வண்டி கொண்டு போகலாம். நோத்ர தாம் உள்ளே போவதற்கு முன்பதிவு இலவசம், ஆனால் அதை அவர் செய்து தரமாட்டார். முதலே இணையத்தில் நீங்களே எடுத்து வையுங்கள். எடுக்காவிட்டால் வரிசையிலேயே அரைவாசி நேரம் போய்விடும். கழிவறை வசதி வழியில் குறைவு, சாம்பார் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவாராம். பதியும்போதே அதைக் கேளுங்கள், கேள்வியும் கூடக் கேளுங்கள், மனிசனிடம் விஷயம் இருக்கிறது.