ஞாயிறு இலத்தீன் வகுப்பு: ஆறுகளுக்காகவே போகலாம்

இலத்தீன் படிக்கிறேன் என்றால் யாழ்ப்பாணத்தில் "கத்தோலிக்கச் சுவாமியாராகப் போறியோ?" என்றுதான் கேட்பார்கள். சரி, கேட்கட்டும். பிரதான வீதிப் பக்கம் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கிற இந்தச் சின்ன வகுப்புக்கு வருபவர்களில் வரலாறு படிக்கிற பிள்ளைகள்தான் கூட. தொடக்கத்தில் வேற்றுமை மனப்பாடம், அது எங்கே போனாலும் அப்படித்தான். ஆற்றுப் பெயர்களுக்கு வந்தபோதுதான் படிப்பிக்கிற சேரின் கெட்டித்தனம் தெரிந்தது.

நாங்கள் காவிரியைத் தாய் என்று பாடினாலும் கடைசியில் "ஓடுகிறது" என்று அஃறிணையில் முடித்துவிடுவோம். இலத்தீனில் ஆறு ஆணா பெண்ணா என்று தெரியாமல் ஒரு அடைமொழிகூடப் போடமுடியாது. பெரும்பாலும் ஆண்பால்: ரைன் ஆறு ரேனுஸ், இத்தாலியின் போ ஆறு பதுஸ். கி.மு. 390 அளவில் கோலியர் என்ற கெல்டிக் மக்களிடம் உரோமர் அடிவாங்கிய அல்லியா ஆறு போன்ற சில பெண்பாலாக வந்து நிற்கும். உரோமின் சொந்த ஆறு திபெரிஸ் ஆண், அதன் பழைய பெயரான அல்புலாவோ பெண். திபெரினுஸ் என்ற அரசன் மூழ்கிச் செத்ததால் பெயர் மாறியதாக உரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிய கதையைச் சொல்லி முடித்த கையோடு சேர் இரண்டாம் வேற்றுமைக்குத் தாவினார்: வழக்கமான 'எம்' விகுதி போட்டுத் திபெரெம் இல்லை, திபெரிம். கதை மறக்காதபடியால் அந்த 'இம்' விகுதியும் மறக்கவில்லை.

இவற்றில் பல உரோமர் வைத்த பெயர்களே அல்ல. ரேனுஸ் கெல்டிக் மக்களிடம் வாங்கியது, 'ஓடு' என்ற பொருளுள்ள பழைய வேர். டான்யூப் மேலே தானுவியுஸ், கீழே கடலை நெருங்கும்போது கிரேக்கர் வழிவந்த இஸ்தர். பதுஸை வடமேற்கு இத்தாலியின் பழைய மக்களான லிகூரியர் 'அடியில்லாதது' என்ற பொருளில் போதிங்குஸ் என்றார்களாம், உரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அதே பிளினி எங்கள் இலங்கைத் தீவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: 375 மைல் சுற்றளவான ஒரு ஏரி (எங்கே கண்டாரோ!), அதிலிருந்து இரண்டு ஆறுகள், ஒன்று கிதாரா, வடக்கே இந்தியாவை நோக்கி ஓடுவது. "அப்ப வழுக்கையாறோ?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். யாழ்ப்பாணத்து வழுக்கையாறு மழை பெய்தால்தானே ஆறு, வகுப்பே சிரித்தது.

குறை என்றால் போட்டோ கொப்பிதான். நெடில் காட்டும் கோடுகள் அரைவாசி அழிந்துபோய்க் கிடக்கின்றன, ரேனுஸா ரெனுஸா என்று கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், குறில் நெடில் தானாக வந்துவிடும். பயிற்சியும் காணாது. காசு அதிகமில்லை, ஆனால் பரீட்சைக்கு நோட்ஸ் தேடுபவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம், சேர் பாதி நேரம் கதையில்தான் இருப்பார்.