கார் டோர் கண்ணாடி மாத்தப் போறீங்களா? டோர் பேடை மூடுறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாருங்க

கார் கதவுக் கண்ணாடி உடைஞ்சு புதுசு போடப் போற யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் போங்க. கண்ணாடி ஏறுதா இறங்குதான்னு ஒரு தடவை சுவிட்சை அமுக்கிப் பாத்துட்டு பணத்தைக் குடுத்துட்டு வந்தா வேலை ஒழுங்கா நடந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு அன்னைக்குத் தெரியாது, ஏன்னா இந்த வேலையில முக்கால்வாசி டோர் பேடுக்கு (கதவோட உள்பக்கத்தை மூடியிருக்கிற பலகை) பின்னாடி கண்ணுக்குத் தெரியாத இடத்துல நடக்குது. என்னை ஏமாத்தினதும் அந்த இடத்துலதான்.

நிறுத்தி வச்சிருந்த கார்ல டிரைவர் பக்கத்து முன் கண்ணாடிய யாரோ உடைச்சுட்டாங்க. உள்ள இருந்து எதுவும் போகல, ஆனா சீட்டு, கார்பெட்டு, சீட்டுக்கு அடியில இருக்கிற ரெயில்னு எங்க பாத்தாலும் கண்ணாடித் தூள். முன்னாடி இருக்கிற விண்ட்ஷீல்டு வேற, கதவுக் கண்ணாடி வேற. விண்ட்ஷீல்டுல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அடிபட்டா விரிசல் விட்டு அப்படியே நிக்கும். கதவுல இருக்கிறது பெரும்பாலும் டெம்பர்டு கிளாஸ், 600 டிகிரிக்கு மேல சூடாக்கி வேகமா காத்தடிச்சு குளிர வைக்கிறது, அதனால சாதாரண கண்ணாடிய விட நாலஞ்சு மடங்கு பலம் இருக்கும், ஆனா உடைஞ்சா மொத்தமா ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கட்டியா கொட்டிடும். அதுல பாதி சீட்டு மேல விழுந்தா மீதி பாதி நேரா கதவு வயித்துக்குள்ள போகும். இந்த மீதி பாதிதான் என் கதை முழுக்க வரப்போகுது, ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் போன இடம் கண்ணாடி வேலை மட்டுமே பண்ற கடை. பேரு சொல்லல. போன்ல பேசும்போதே "கம்பெனி ஒரிஜினல் கிளாஸ் சார், அரை மணி நேரத்துல முடிச்சுடலாம், நீங்க வெயிட் பண்ணி எடுத்துட்டே போயிடலாம்"னு சொன்னாங்க. உள்ள விழுந்த தூளெல்லாம் எடுத்துடுவீங்களான்னு நான் கேட்டேன், "அதெல்லாம் வேக்யூம் போட்டு க்ளீனா குடுப்போம்"னு சொன்னாங்க. வேலை நடக்கிற இடத்துக்குள்ள கஸ்டமர் வரக்கூடாதுன்னு வெளிய உக்கார வச்சுட்டாங்க. சொன்ன நேரத்துல வண்டி வந்துச்சு, சீட்டெல்லாம் சுத்தமா இருந்துச்சு, கண்ணாடி ஏறி இறங்குச்சு, பில்லுல "டோர் கிளாஸ் மாற்றம்"னு ஒரே ஒரு வரி. பார்ட் நம்பர் இல்ல, கிளாஸ் எந்தக் கம்பெனின்னு இல்ல, வாரண்டி பத்தி ஒரு வார்த்தை இல்ல.

வீட்டுக்கு வர்ற வழியிலேயே ஏர்பேக் லைட் எரிஞ்சுச்சு. உடனே போன் பண்ணா "பேட்டரி கழட்டினா அப்படித்தான் வரும், தானா போயிடும்"னு சொன்னாங்க. அது தானா போகல. அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு. கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ள சலசலன்னு ஒரு சத்தம், ஹைவேல கொஞ்சம் வேகம் எடுத்தா கண்ணாடி ஓரத்துல விசில் அடிக்கிற மாதிரி காத்து சத்தம், புதுக் கண்ணாடியில மேலிருந்து கீழ வரைக்கும் நேர்நேரா மெல்லிசு கீறல். மழை பெஞ்ச மறுநாள் உள்ள கால் வச்சா கார்பெட்டு சொதசொதன்னு ஈரம். கடைசியா ஒரு நாள் கண்ணாடி பாதியில நின்னு ஒரு பக்கம் சாஞ்சு மேலயும் போகல கீழயும் போகல.

திரும்ப அதே கடைக்குப் போனேன். அவங்க பேசினதுதான் எனக்கு இன்னும் ஆறல. ஈரத்துக்குக் காரணம் ஏசி தண்ணியாம். கீறல் நான் துணியால தேய்ச்சதால வந்துச்சாம். கண்ணாடி நின்னதுக்கு மோட்டார் போயிடுச்சாம், மோட்டாரும் ரெகுலேட்டரும் (கண்ணாடிய ஏத்தி இறக்குற அமைப்பு) செட்டா மாத்தணுமாம், அதுக்குத் தனி பணமாம். உடையிறதுக்கு முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடின மோட்டார் எப்படி இவங்க கை வச்சதும் போகும்னு கேட்டா "கண்ணாடிக்குத்தான் நாங்க பொறுப்பு, உள்ள இருக்கிற எதுக்கும் பொறுப்பு இல்ல"ன்னு முகத்துல அடிச்சாப்ல சொல்லிட்டு அடுத்த வண்டியப் பாக்கப் போயிட்டாங்க. கதவைப் பிரிச்சு வேலை பாக்கிறவங்க கதவுக்கு உள்ள இருக்கிறதுக்குப் பொறுப்பு இல்லன்னா அப்புறம் யாரு பொறுப்பு?

எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டிய விட்டேன். அவர் முதல்ல எதையும் பிரிக்கல. ஏசிய ஆஃப் பண்ணி கதவைச் சாத்தி வெளிய இருந்து கண்ணாடி மேல மெதுவா தண்ணி ஊத்தச் சொன்னார், அவர் உள்ள உக்காந்து டார்ச் அடிச்சுப் பாத்தார். கொஞ்ச நேரத்துல டோர் பேடுக்குக் கீழ் ஓரத்துல இருந்து தண்ணி கசிஞ்சு உள்பக்கமா இறங்குச்சு. ஏசி தண்ணின்னு சொன்ன பொய் அங்கயே தீர்ந்துச்சு. (ஏசி தண்ணி போற குழாய் அடைச்சாலும் காருக்குள்ள ஈரம் வரும்ங்கிறது உண்மைதான், அதனாலதான் ஏசிய ஆஃப் பண்ணிட்டு இந்த டெஸ்ட் பண்ணணும்.)

அப்புறம் பேட்டரி டெர்மினலக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு டோர் பேடைப் பிரிச்சார். நானும் பக்கத்துலயே நின்னேன், எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், கார் கதவுக்குள்ள தண்ணி போறது சகஜம். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருக்கிற ரப்பர் பட்டை கொஞ்சம்தான் தடுக்கும், மீதி கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்கி கதவோட அடியில இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியா வெளிய போயிடும், வண்டியச் செஞ்சவங்களே அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அந்தத் தண்ணி உள்பக்கமா சீட்டுப் பக்கம் வராம இருக்கத்தான் டோர் பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, சில வண்டியில ஃபோம் ஷீட்டு, கறுப்பு பிசின் மாதிரி இருக்கிற பியூட்டில் டேப்பால சுத்தி ஒட்டியிருக்கும். என் கதவுல அந்த ஷீட்டைக் கத்தியால நடுவுல கிழிச்சு கையை விட்டு வேலை பாத்துட்டு கீழ்ப்பக்கம் ஒட்டாம அப்படியே தொங்க விட்டிருந்தாங்க. ஒட்டின ஒண்ணு ரெண்டு இடத்துலயும் சாதாரண செல்லோ டேப். கதவடியில இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் கண்ணாடித் தூளும் மண்ணும் சேந்து அடைச்சிருந்துச்சு, தண்ணி வெளிய போக வழியே இல்லாம உள்ளயே குளம் கட்டி நின்னு ஷீட்டு கிழிஞ்ச வழியா கார்பெட்டுக்கு வந்திருக்கு. இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா கதவு அடியிலிருந்து துரு பிடிச்சு அரிச்சிருக்கும். கார்பெட்டுக்கு அடியில ஒயரிங் கனெக்டர் எல்லாம் ஓடுது, அது நனைஞ்சா வர்ற பிரச்சனைய யோசிச்சாலே பயமா இருக்கு.

வேக்யூம் போட்டோம்னு சொன்னாங்கல்ல, ஒரு கைப்பிடி கூட எடுக்கல. அண்ணன் எடுத்துக் கொட்டினது ஒரு டப்பா நிறைய வந்துச்சு. சலசலன்னு கேட்டது இந்தத் தூள்தான். கண்ணாடி ஓடுற ரப்பர் பீடிங் இருக்குல்ல, அதுக்குள்ள வெல்வெட் மாதிரி ஒரு பரப்பு இருக்கும், அதுல பழைய கண்ணாடியோட பொடி குத்தி நின்னுருக்கு, ஒவ்வொரு தடவை ஏத்தி இறக்கும்போதும் புதுக் கண்ணாடிய அது கீறியிருக்கு. நான் துணியால தேய்ச்சேன்னு எவ்வளவு தைரியமா சொன்னாங்க பாருங்க. துணி எப்படிங்க பீடிங்குக்கு உள்ள போயி நேர்க்கோடா கீறும்?

மோட்டாருக்கு ஒண்ணுமே இல்ல. தனியா கழட்டி கரண்ட் குடுத்தா ஜம்முன்னு சுத்துச்சு. கண்ணாடியப் பிடிச்சிருக்கிற ரெண்டு கிளாம்ப் போல்ட்டுல ஒண்ணு முழுசா டைட் பண்ணல, அதனால கண்ணாடி சாஞ்சுடுச்சு, அதோட ரெகுலேட்டர் ஒயர் ஓடுற கப்பிக்கிட்ட ஒரு கண்ணாடித் துண்டு மாட்டி இறுகிடுச்சு. அவங்க சொன்னதைக் கேட்டு மோட்டார் செட்டு மாத்தியிருந்தா புது செட்டும் அதே தூளுக்குள்ளதான் ஓடியிருக்கும்.

ஏர்பேக் லைட் விஷயம்தான் எனக்கு ரொம்ப கோவம் வர வச்சது. சில வண்டிகள்ல பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்க கதவுக்குள்ள ஒரு பிரஷர் சென்சார் இருக்கும், வெளியில இருந்து கதவு நசுங்கும்போது உள்ள இருக்கிற காத்தோட அழுத்தம் சட்டுனு ஏறும், அதை வச்சு ஏர்பேக் விரிய சிக்னல் போகும். என் வண்டியிலயும் அது இருக்கு. சாவி ஆன்ல இருக்கும்போதே அந்த சென்சார் கனெக்டரக் கழட்டியிருக்காங்க, திரும்ப மாட்டும்போது லாக் ஆகுற அளவுக்கு அழுத்தி மாட்டல. அந்த ஷீட்டு கிழிஞ்சு கிடந்தா கதவுக்குள்ள அழுத்தம் சரியா ஏறாம சென்சார் ஏமாற வாய்ப்பு இருக்கு. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுதானேன்னு நினைக்காதீங்க. குடும்பத்தை வச்சு ஓட்டுற வண்டி, பக்கத்துல இருந்து எவனாவது வந்து இடிச்சா ஏர்பேக் விரியுமா விரியாதாங்கிற நிலைமையில என்னை அனுப்பி வச்சுட்டு "தானா போயிடும்"னு சொல்றாங்க.

கண்ணாடியும் அவங்க சொன்ன ஒரிஜினல் இல்ல. வண்டியோட மத்த கண்ணாடி எல்லாத்துலயும் கீழ் மூலையில கம்பெனி முத்திரை, வட்டத்துக்குள்ள E-ன்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும், பக்கத்துல 43R-னு இருக்கு. அது ஐ.நா. வாகனக் கண்ணாடி விதிப்படி அங்கீகாரம் வாங்கினதுக்கு அடையாளம். அமெரிக்க விதிப்படி வர்ற கண்ணாடியில டாட் நம்பரும் ஏஎஸ்-2 மாதிரி குறியும் இருக்கும். புதுசா போட்டதுல எந்த முத்திரையும் இல்ல, வெறும் கண்ணாடி. வெர்னியர் (தடிமன் அளக்கிற கருவி) வச்சு அளந்தா எதிர்க் கதவுக் கண்ணாடி 4 மில்லிமீட்டர், இது 3.5 மில்லிமீட்டர். அரை மில்லிதானேன்னு தோணும், ஆனா பீடிங்குல கண்ணாடி லூசா ஆடுறதும் காத்து சத்தமும் அதனாலதான். கிரீன் டின்ட்டும் கொஞ்சம் வித்தியாசம், வெயில்ல நிறுத்தி தள்ளி நின்னு பாத்தா தெரியுது. கார் கம்பெனி இல்லாம வெளி கம்பெனி செய்யற கண்ணாடி எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரல, அங்கீகார முத்திரையோட நல்லதும் கிடைக்குது. ஒரிஜினல்னு சொல்லி பணம் வாங்கிட்டு முத்திரையே இல்லாததைப் போட்டது மோசடி.

இன்னொண்ணும் சொல்லணும். டெம்பர்டு கிளாஸை பதப்படுத்தின பிறகு வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, முயற்சி பண்ணா மொத்தமா நொறுங்கிடும். ஓரத்துல அடிபட்டாலும் அன்னைக்கு நிக்கும், இன்னொரு நாள் சும்மா கதவைச் சாத்தும்போது கொட்டிடும். அதனால "சைஸ் லேசா கூட இருக்கு, ஓரத்தைத் தேய்ச்சு உக்கார வச்சுடறோம்"னு எந்தக் கடையில சொன்னாலும் வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. அதே மாதிரி சில புது வண்டிகள்ல முன் கதவுக்கும் லேமினேட்டட் கண்ணாடி (விண்ட்ஷீல்டு மாதிரி நடுவுல படலம் வச்சது) வருது, மூலையில எழுதியிருக்கும், அப்படி இருந்தா அதுக்குப் பதிலா டெம்பர்டு போட விடாதீங்க.

அண்ணன் எப்படி வேலை பாத்தார்னு சொல்றேன், இதை வச்சு நீங்க கேள்வி கேக்கலாம். வண்டியோட சேசிஸ் நம்பரக் குடுத்து சரியான கண்ணாடியோட பார்ட் நம்பர் எடுத்தார். பீடிங்கை முழுசா உருவி தண்ணியில அலசி காய வச்சு திரும்ப மாட்டினார். கதவுக்குள்ள வேக்யூம் போட்டு, காத்தடிச்சு, அடி ஓட்டை ஒவ்வொண்ணையும் குத்தி விட்டு, மேலிருந்து தண்ணி ஊத்தி கீழ வருதான்னு பாத்தார். கண்ணாடிய இறக்கி போல்ட்டை லேசா மட்டும் மாட்டி, மேல ஏத்தி பீடிங்குல நேரா உக்காந்த பிறகுதான் டைட் பண்ணினார். பீடிங்குக்கு ஆயில் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிக் கெட்டுடும், சிலிக்கான் ஸ்ப்ரே போதும்னார். புது ஷீட்டு, புது பியூட்டில் டேப். உடைஞ்ச கிளிப் எல்லாம் மாத்தினார், பழைய கடைக்காரங்க பாதி கிளிப்பை உடைச்சு உள்ளயே போட்டிருந்தாங்க. ஸ்கேனர் போட்டு ஏர்பேக் எரரை அழிச்சு, திரும்ப வருதான்னு ஓட்டிப் பாத்தார்.

கடைசியா ஜன்னலுக்கு மறுபடி செட்டிங் பண்ணினார். ஒரு தடவை தட்டினா தானா மேல போற ஜன்னல்ல கை மாட்டினா திரும்பி இறங்குற பாதுகாப்பு இருக்கும், ஐ.நா. விதிப்படி 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ அழுத்தம் தாண்டுறதுக்குள்ள அது திரும்பணும். கண்ணாடி மாத்தினா நிறைய வண்டிகள்ல முழுசா இறக்கி முழுசா ஏத்தி சுவிட்சை சில நொடி பிடிச்சு அதுக்கு அளவைத் திரும்பச் சொல்லிக் குடுக்கணும், முறை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும். முதல் கடையில இதைச் செய்யவே இல்ல. குழந்தைங்க கையை வைக்கிற இடம் அது. டெஸ்ட் பண்றதா இருந்தா கையை வைக்காதீங்க, துணியச் சுருட்டி வச்சுப் பாருங்க.

அந்தக் கடைக்கு போட்டோ எல்லாம் அனுப்பினேன், கழட்டின கண்ணாடியக் கொண்டு போய்க் காட்டினேன். பணம் திருப்பித் தர மாட்டோம், வேற ஆள் கை வச்ச வண்டின்னு சொல்லிட்டாங்க. பில்லு, போட்டோ, மெக்கானிக் எழுதிக் குடுத்த ரிப்போர்ட் எல்லாம் சேத்து நுகர்வோர் புகார் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல. இன்சூரன்ஸ் க்ளெய்ம் பண்றவங்க கண்ணாடித் தூளைக் கூட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிடுங்க, பில்லுல பார்ட் நம்பரும் வாரண்டியும் எழுதச் சொல்லி வாங்குங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அந்தக் கடை வேண்டாம். ஏற்கெனவே சமீபத்துல கண்ணாடி மாத்தினவங்க இன்னைக்கே கதவோட அடியில இருக்கிற ஓட்டைய ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் குச்சி விட்டுப் பாருங்க, கதவை ஆட்டி சத்தம் கேக்குதான்னு பாருங்க, மேட்டைத் தூக்கி கார்பெட்டைக் கையால அமுக்கிப் பாருங்க, ஈரமா இருந்தா வாரண்டி முடியிறதுக்குள்ள வண்டியக் கொண்டு போய் அவங்க முன்னாடியே டோர் பேடைப் பிரிக்கச் சொல்லுங்க.