இரட்டை வரிகளை நீக்கப் போஸ்ட்கிரஸ் எப்படி?

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையின் கணினிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை விட்டுப் போஸ்ட்கிரஸ் என்ற மற்றொன்றுக்கு நாங்கள் மாறியதற்கு முதல் காரணம், அதிலுள்ள 'டிஸ்டிங்க்ட் ஆன்' என்ற கட்டளை.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசியாகப் போட்ட பில்லை மட்டும் காட்டு என்பார் முதலாளி. இதற்கு, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் வெறும் 'டிஸ்டிங்க்ட்' உதவாது. அது முழு வரியையும் ஒப்பிடும். பில் எண் மாறினாலே தனி வரி என்று வைத்துக்கொள்ளும். டிஸ்டிங்க்ட் ஆன் அப்படியல்ல. வாடிக்கையாளர் எண்ணை அதனிடம் கொடுத்து, வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' பகுதியில் அதே எண்ணை முதலிலும் பில் தேதியை இறங்குவரிசையில் அடுத்தும் எழுதினால் ஆளுக்கு ஒரு வரிதான் வரும். ஒரே நாளில் இரண்டு பில் போடுகிறவர்கள் எங்களிடம் நிறைய. அதனால் பில் எண்ணையும் மூன்றாவதாகச் சேர்ப்பேன்; இல்லாவிட்டால் இரண்டில் எது மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0 பதிப்பு முதல், வரிகளுக்கு வரிசை எண் போடும் 'ரோ நம்பரை'க் கொண்டு இதைச் செய்யலாம். ஆனால் வினவலுக்குள், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்குள், இன்னொரு துணை வினவல் எழுதியாக வேண்டும்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எங்கள் பழைய கோப்பில் கொடுமுடி இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. ஒன்றில் 'கொ'வின் ஒகரக் குறி ஒரே யூனிகோடு எண் (கணினி எழுத்துகளுக்குத் தரும் எண்). மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி எண்கள். திரையில் துளி வேறுபாடு தெரியாது, போஸ்ட்கிரஸுக்கோ அவை இரண்டு ஊர்கள். போஸ்ட்கிரஸின் 13ஆம் பதிப்பில் வந்த 'நார்மலைஸ்' என்ற செயல்பாடு இவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. தரவுத்தளம் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை அது தொடாது, அதற்கு 'டிரிம்' தனியாகப் போட வேண்டும்.

எனக்கு எரிச்சலூட்டுவது டிஸ்டிங்க்டைத் திருநீறு போல எல்லா வினவலுக்கும் பூசும் பழக்கம். பில்லையும் அதன் சரக்கு வரிகளையும் 'ஜாயின்' செய்தால், அதாவது இரு அட்டவணைகளை இணைத்தால், ஒரு பில் பல வரிகளாகத்தான் பெருகும். மொத்தத் தொகை கூடிவிட்டதே என்று கூட்டுத்தொகை போடும் 'சம்'முக்குள் டிஸ்டிங்க்டை நுழைத்தால், 4,500 ரூபாய்க்குப் போட்ட இரண்டு வெவ்வேறு பில்கள் ஒன்றாகி ஒரு தொகை காணாமல் போகும். லுங்கி வாங்கியவர்கள் யார் என்பதுதான் கேள்வி என்றால் ஜாயினே வேண்டாம், அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் 'எக்ஸிஸ்ட்ஸ்' போதும். இதைப் போஸ்ட்கிரஸின் குறையென்று சொல்ல மாட்டேன். எந்தத் தரவுத்தளத்திலும் இதே கதைதான்.

உண்மையான குறை வேறு. 'நல்' எனப்படும் காலி மதிப்புகள் இரண்டைக் கண்டால் டிஸ்டிங்க்ட் ஒன்றாக்கும், இரட்டைப் பதிவைத் தடுக்கும் 'யூனிக்' கட்டுப்பாடோ வேறு வேறு என்று உள்ளே விடும். பெயர், ஊர், கிளை மூன்றும் சேர்ந்து யூனிக் என்று வைத்திருந்தும், கிளையைக் காலியாக விட்ட பதிவுகள் இரட்டையாக நுழைந்தன. 2022இல் வெளியான 15ஆம் பதிப்பு முதல், கட்டுப்பாட்டில் 'நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்' என்று சேர்த்தால் இது அடைபடும். மென்பொருள் இலவசம், அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மாறலாம்.